ஐபோன் சார்ஜர் முதல் நைஜர் அடிமை வழக்கு வரை: நாடுகளுக்கு மேல் ஒரு சட்டமா? எப்படி வேலை செய்கிறது, எங்கே இலவசமாகப் படிக்கலாம்?

2023 செப்டம்பரில் ஐபோன் 15 வெளியானபோது பலரும் முதலில் பார்த்தது சார்ஜர் சொருகும் இடத்தைத்தான். 2012-ல் இருந்து ஆப்பிள் விடாப்பிடியாக வைத்திருந்த லைட்னிங் போர்ட் காணாமல் போயிருந்தது. ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கும் அதே டைப்-சி வந்திருந்தது.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு வாக்கெடுப்பு இருக்கிறது. 2022 அக்டோபர் 4-ம் தேதி ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பொது சார்ஜர் சட்டம் நிறைவேறியது. ஆதரவாக 602 வாக்குகள், எதிராக 13, நடுநிலை 8. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் 2024 டிசம்பர் 28 முதல் விற்பனைக்கு வரும் புதிய செல்போன்கள், டேப்லெட்டுகளில் டைப்-சி கட்டாயம் என்றது அந்தச் சட்டம். ஐரோப்பாவுக்கு ஒரு போன், இந்தியாவுக்கு வேறு போன் என்று தனித்தனியாகத் தயாரித்தால் எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. அதனால் ஸ்ரீபெரும்புதூரில் அசெம்பிள் ஆகும் ஐபோனிலும் அதே டைப்-சிதான்.

சரி, இந்தச் சட்டத்தைப் போட்டது யார்? ஜெர்மனியா, பிரான்ஸா? ரெண்டுமே இல்லை. அந்த நாடுகளுக்கு மேலே இருக்கும் ஓர் அமைப்பு. ஜெர்மனிக்குப் பிடிக்கவில்லை என்றாலும் ஜெர்மனி அதைச் செய்தே ஆகவேண்டும். இதைத்தான் சட்டம் படிப்பவர்கள் 'சூப்ராநேஷனல் லா' என்கிறார்கள். தமிழில் நாடு கடந்த சட்டம் என்று சொல்லலாம்.

ஒரு நாட்டை அதன் எல்லைக்கு வெளியே இருக்கும் நீதிமன்றம் எப்படிக் கட்டுப்படுத்த முடியும்? 'முடியாது போ' என்று ஒரு அரசு சொல்லிவிட்டால் என்ன ஆகும்? சொன்ன அரசுகள் இருக்கின்றன. அதில் ஒரு வழக்கில், கடைசியில் மூடப்பட்டது அந்த நீதிமன்றம்தான்.

சாதாரண ஒப்பந்தத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

இந்தியா பல சர்வதேச ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுகிறது. ஆனால் கையெழுத்துப் போட்ட மறுநாளே அது நம் ஊர் நீதிமன்றத்தில் சட்டமாகிவிடாது. அதைச் செயல்படுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது அரசியலமைப்பின் 253-வது பிரிவு. அதாவது ஒப்பந்தம் என்பது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான விஷயம். சாமானிய மனிதர் நேரடியாக அதில் நுழைய முடியாது.

ஐரோப்பாவிலும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். 1957-ல் ரோம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை ஆறு நாடுகள். எந்த நாட்டுச் சட்டத்தையும் விட இந்த ஒப்பந்தம்தான் பெரியது என்று அதில் எங்குமே எழுதப்படவில்லை. அதைச் சொன்னது நீதிமன்றம். அதுவும் பெரிய அரசியல் வழக்கில் இல்லை.

முதல் வழக்கு பசை தயாரிக்கப் பயன்படும் ரசாயனம் பற்றியது. வான் ஜென்ட் என் லூஸ் என்ற நெதர்லாந்து நிறுவனம் அதை மேற்கு ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்தது. 3 சதவீதமாக இருந்த வரி 8 சதவீதமாக வசூலிக்கப்பட்டது. 'வரியைக் கூட்ட மாட்டோம்னு ஒப்பந்தத்துல எழுதிக் கொடுத்திருக்கீங்களே' என்பதுதான் அந்த நிறுவனத்தின் வாதம். ஒப்பந்தம் போட்டது நாடுகள், ஒரு கம்பெனி எப்படிக் கேள்வி கேட்கலாம் என்றது எதிர்த்தரப்பு. 1963 பிப்ரவரி 5-ம் தேதி லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: கேட்கலாம். இந்த ஒப்பந்தம் நாடுகளுக்கு மட்டுமில்லை, குடிமக்களுக்கும் நேரடியாக உரிமை தருகிறது.

1,925 லிரா கரண்ட் பில்

அடுத்த வருடம் வந்த வழக்கு இன்னும் சுவாரஸ்யம். இத்தாலியின் மிலான் நகரில் பிளாமினியோ கோஸ்டா என்றொரு வழக்கறிஞர். 1962-ல் இத்தாலி அரசு மின்சார நிறுவனங்களை எல்லாம் நாட்டுடைமையாக்கி 'எனல்' என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தது. அப்படி அரசு எடுத்துக்கொண்ட நிறுவனம் ஒன்றில் கோஸ்டாவுக்குப் பங்குகள் இருந்தன. கோபத்தில் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். கரண்ட் பில்லைக் கட்டவில்லை. பில் தொகை 1,925 லிரா. மிகச் சின்னத் தொகை.

பில் கட்டாத வழக்கு மிலானின் மிகக் கீழ்நிலை நீதிபதி ஒருவரிடம் போனது. நாட்டுடைமை ஐரோப்பிய ஒப்பந்தத்துக்கு எதிரானது என்று கோஸ்டா வாதிட, அந்த நீதிபதி லக்சம்பர்க் நீதிமன்றத்துக்குக் கேள்வி அனுப்பினார். இத்தாலி அரசு கொதித்தது. ஒப்பந்தம் முந்தையது, நாட்டுடைமைச் சட்டம் பிந்தையது, பின்னால் வந்த சட்டம்தான் நிற்கும் என்பது அதன் வாதம். இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றமும் சில மாதங்களுக்கு முன்பு அதையேதான் சொல்லியிருந்தது.

1964 ஜூலை 15-ம் தேதி வந்த தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை. உறுப்பு நாடுகள் தங்கள் இறையாண்மையில் ஒரு பகுதியைத் தாங்களே விட்டுக்கொடுத்துத்தான் இந்த அமைப்பை உருவாக்கியிருக்கின்றன. பிறகு தனியாக ஒரு சட்டம் போட்டு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். ஐரோப்பியச் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் இந்தக் கரண்ட் பில்லைத் தாண்டாமல் போக முடியாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இவ்வளவு பெரிய தத்துவம் பிறந்தபிறகும் 'எனல்' அரசிடமேதான் இருந்தது.

1978-ல் சிம்மெந்தால் வழக்கில் இன்னொரு படி ஏறினார்கள். ஐரோப்பியச் சட்டத்தோடு மோதும் உள்நாட்டுச் சட்டத்தை எந்த நீதிபதியும், கடைக்கோடி ஊரின் நீதிபதிகூட, ஓரமாக வைத்துவிட்டுத் தீர்ப்பு எழுதலாம். மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லக்சம்பர்க் நீதிமன்றத்துக்குப் போலீஸ் கிடையாது, ராணுவம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு உறுப்பு நாட்டின் ஒவ்வொரு நீதிபதியும் அதன் கை மாதிரி ஆகிவிட்டார். இந்த ஒரு ஏற்பாடுதான் மற்ற பிராந்திய நீதிமன்றங்களுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

மீனவர்கள் போட்ட வழக்கில் பின்வாங்கிய பிரிட்டன்

தமிழ்நாட்டு வாசகர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டிய வழக்கு ஃபேக்டர்டேம்.

1980-களில் ஸ்பெயின் நாட்டு மீன்பிடி முதலாளிகள் தங்கள் கப்பல்களை பிரிட்டனில் பதிவு செய்து, பிரிட்டனுக்கு ஒதுக்கப்பட்ட மீன் அளவிலிருந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மீனை அவர்கள் அள்ளுகிறார்கள் என்று பிரிட்டன் மீனவர்களிடம் ஆத்திரம். 1988-ல் பிரிட்டன் நாடாளுமன்றம் கப்பல் பதிவுச் சட்டத்தை இறுக்கியது. உரிமையாளர்களும் இயக்குநர்களும் பெரும்பாலும் பிரிட்டிஷ்காரர்களாக இருந்தால்தான் பதிவு என்றது. ஸ்பெயின் தரப்பு கடலில் சண்டை போடவில்லை, லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது.

பிரிட்டனில் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நீதிமன்றம் நிறுத்தும் வழக்கமே கிடையாது. 1990-ல் முதல்முறையாக அது நடந்தது. லக்சம்பர்க் தந்த விளக்கத்தை ஏற்று, அந்த நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபையே சட்டத்தை நிறுத்தி வைத்தது. பல வருட இழுபறிக்குப் பிறகு ஸ்பெயின் தரப்புக்கு பிரிட்டன் அரசு சுமார் 5.5 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது.

பிரிட்டன் மீனவர்களின் மனக்குமுறல் அதோடு தீர்ந்துவிடவில்லை. மீன்பிடித் துறைமுகங்கள் பலவற்றில் பிரெக்ஸிட் ஆதரவு பொங்கியதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம். 2020 ஜனவரி 31-ம் தேதி பிரிட்டன் ஒன்றியத்தை விட்டே போனது. வெளியே இருந்து வரும் தீர்ப்பை ஏற்க முடியாது என்பது அந்தப் பிரச்சாரத்தின் முக்கியமான வாதம். வழக்கில் ஜெயிப்பது ஒன்று, தோற்ற தரப்பின் மனசை ஜெயிப்பது வேறு. ஐரோப்பா இன்னும் இரண்டாவதைக் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கட்ட மாட்டேன் என்றால்?

2024 ஜூன் 13. அடைக்கலம் தேடி வருவோரை நடத்தும் விதம் தொடர்பான பழைய தீர்ப்பை ஹங்கேரி நிறைவேற்றவில்லை என்று கூறி, லக்சம்பர்க் நீதிமன்றம் 20 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதோடு, தீர்ப்பை நிறைவேற்றும்வரை தினமும் 10 லட்சம் யூரோ. அப்போதைய மதிப்பில் ஒரு நாளைக்குச் சுமார் 9 கோடி ரூபாய். ஹங்கேரி அரசு கட்ட மறுத்தது.

பிரஸ்ஸல்ஸ் அதற்காக யாரையும் அனுப்பி ஜப்தி செய்யவில்லை. ஒன்றியத்தின் பட்ஜெட்டிலிருந்து ஹங்கேரிக்குப் போக வேண்டிய நிதியில் கழித்துக்கொள்ள ஆரம்பித்தது. சம்பளத்தில் கடன் பிடித்தம் செய்வது மாதிரி. போலந்துக்கும் இதே வைத்தியம் முன்பு நடந்தது. 2021-ல் துருவ் நிலக்கரிச் சுரங்க வழக்கில் தினமும் 5 லட்சம் யூரோ அபராதம் போட்டார்கள். போலந்து கட்டாததால் அதன் பங்கு நிதியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அதே 2021-ல், அக்டோபர் 7-ம் தேதி, போலந்தின் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் ஒன்றிய ஒப்பந்தத்தின் சில பிரிவுகள் தங்கள் அரசியலமைப்போடு ஒத்துப்போகவில்லை என்று அறிவித்தது. 2020 மே மாதம் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றமும், ஐரோப்பிய மத்திய வங்கி பற்றிய வழக்கில், லக்சம்பர்க் தீர்ப்பு ஒன்றை ஏற்க மறுத்தது. ஆக, யார் பெரியவர் என்ற கேள்வி கோஸ்டா வழக்கோடு முடிந்துபோகவில்லை. தினசரி வேலை நடப்பதற்குக் காரணம் தத்துவம் கொஞ்சம், உள்நாட்டு நீதிபதிகள் கொஞ்சம், பிரஸ்ஸல்ஸ் கையில் இருக்கும் பணம் நிறைய.

பணமும் இல்லை, உள்நாட்டு நீதிபதிகளின் துணையும் இல்லை என்றால் என்ன ஆகும்? அதற்கு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும்.

ஹதிஜாத்து மானி ஜெயித்த கதை

மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் 1975-ல் தொடங்கிய பொருளாதாரக் கூட்டமைப்பு 'ஈகோவாஸ்'. அதன் நீதிமன்றம் நைஜீரியாவின் அபுஜாவில் இருக்கிறது. 2005-ல் இருந்து தனிமனிதர்கள் தங்கள் மனித உரிமை வழக்கை நேரடியாக அங்கே கொண்டுபோகலாம். உள்ளூர் நீதிமன்றம், மேல்முறையீடு என்று எல்லாப் படியும் ஏறி முடித்துவிட்டு வா என்ற நிபந்தனைகூட இல்லை. இந்த விஷயத்தில் அது ஐரோப்பாவைவிட தாராளம்.

நைஜர் நாட்டைச் சேர்ந்த ஹதிஜாத்து மானி 12 வயதில் விற்கப்பட்டவர். விலை 2 லட்சத்து 40 ஆயிரம் சி.எப்.ஏ. பிராங்க். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அடிமை. விடுதலைச் சான்றிதழ் கிடைத்து வெளியே வந்து தனக்குப் பிடித்தவரைத் திருமணம் செய்தார். 'அவள் என் மனைவி' என்று பழைய எஜமானர் வழக்குப் போட, இருதார மணம் செய்த குற்றத்துக்காக ஹதிஜாத்துவுக்கே சிறைத் தண்டனை விதித்தது உள்ளூர் நீதிமன்றம். அடிமையாக இருந்தவருக்கு, எஜமானரின் மனைவி என்று சொல்லித் தண்டனை.

2008 அக்டோபர் 27-ம் தேதி ஈகோவாஸ் நீதிமன்றம், தன் குடிமகளை அடிமைத்தனத்திலிருந்து காக்கத் தவறியதற்கு நைஜர் அரசு பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. இழப்பீடு 1 கோடி சி.எப்.ஏ. பிராங்க். நைஜர் அரசு முரண்டு பிடிக்காமல் கொடுத்தது.

அதே நாடு, 15 ஆண்டுகள் கழித்து. 2023 ஜூலை 26-ம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் முகமது பஸூமைச் சிறைவைத்தது. டிசம்பர் 15-ம் தேதி அதே நீதிமன்றம், அவரை உடனே விடுவியுங்கள், பதவியில் அமர்த்துங்கள் என்றது. இந்தமுறை நைஜர் கண்டுகொள்ளவே இல்லை. அடுத்த மாதமே மாலி, புர்கினா ஃபாசோவோடு சேர்ந்து ஈகோவாஸிலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2025 ஜனவரி 29-ம் தேதி மூன்று நாடுகளும் முறைப்படி வெளியேறின.

ஈகோவாஸ் போட்ட பொருளாதாரத் தடைகள் மக்களைத்தான் வாட்டின என்பது அந்த ராணுவ அரசுகளின் குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் கூட்டமைப்பை விட்டுப் போகும்போது ஹதிஜாத்து மாதிரி ஒருவர் தட்டக்கூடிய கதவும் சேர்ந்தே போகிறது. சொந்த நாட்டு நீதிமன்றம் கைவிட்ட பிறகு அவருக்கு இருந்தது அந்த ஒரு கதவுதான்.

நீதிமன்றத்தையே மூடிய தலைவர்கள்

தெற்கு ஆப்பிரிக்காவில் நடந்தது இதைவிட மோசம். அங்குள்ள கூட்டமைப்பின் பெயர் 'சாடெக்'. அதன் தீர்ப்பாயம் நமீபியா தலைநகர் விண்ட்ஹூக்கில் இருந்தது.

ஜிம்பாப்வேயில் வெள்ளையர் விவசாயிகளின் நிலங்களை முகாபே அரசு இழப்பீடு இல்லாமல் எடுத்துக்கொண்டது. நீதிமன்றம் போகவும் முடியாதபடி அரசியலமைப்பைத் திருத்தியது. மைக் கேம்ப்பெல் என்ற விவசாயி விண்ட்ஹூக் போனார், இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். 2008 நவம்பர் 28-ம் தேதி தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. அந்த நிலங்கள் காலனி ஆட்சியில் கறுப்பின மக்களிடமிருந்து பறிக்கப்பட்டவை என்ற வரலாற்றை மறக்கக்கூடாது. தீர்ப்பாயம் நிலச் சீர்திருத்தமே கூடாது என்று சொல்லவில்லை. இழப்பீடு இல்லாமல், வழக்குப் போடும் உரிமையும் இல்லாமல், இனம் பார்த்து எடுப்பதைத்தான் தவறு என்றது.

ஜிம்பாப்வே ஏற்கவில்லை. தீர்ப்பாயம் விஷயத்தைத் தலைவர்கள் மாநாட்டுக்கு அனுப்பியது. மற்ற நாட்டுத் தலைவர்கள் ஜிம்பாப்வேயைக் கண்டிப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். 2010-ல் தீர்ப்பாயத்தையே முடக்கினார்கள். 2012-ல் இனி நாடுகளுக்கு இடையிலான தகராறு மட்டும் போதும், தனிமனிதர்கள் வரக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். இன்று உன் மேல் வந்த தீர்ப்பு நாளை என் மேல் வரலாம் என்ற பயம் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அதனால் பாதிக்கப்பட்டது நில உரிமையாளர்கள் மட்டும் என்று நினைத்தால் தவறு. 2010 டிசம்பரில் அதே தீர்ப்பாயத்தில் ஜெயித்த 9 பேர், ஜிம்பாப்வே பாதுகாப்புப் படைகளின் வன்முறைக்கு ஆளானவர்கள்.

ஆனால் தீர்ப்பு முழுசாகச் சாகவில்லை. கேம்ப்பெல் வழக்கில் ஜெயித்த விவசாயிகள் அதைத் தென்னாப்பிரிக்க நீதிமன்றங்களுக்கு எடுத்துப்போனார்கள். 2013-ல் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை அங்கே செயல்படுத்தலாம் என்றது. 2015-ல் கேப் டவுனில் ஜிம்பாப்வே அரசுக்குச் சொந்தமான ஒரு வீடு ஏலத்துக்கு வந்தது. 2018-ல் இன்னொரு தீர்ப்பு: தீர்ப்பாயத்தை முடக்கும் முடிவில் தென்னாப்பிரிக்க அதிபர் சேர்ந்துகொண்டதே அரசியலமைப்புக்கு விரோதம். விண்ட்ஹூக் கதவை மூடினாலும், உள்நாட்டு நீதிபதி ஒருவர் எடுத்துக்கொண்டபோது தீர்ப்புக்கு மறுபடி உயிர் வந்தது. ஐரோப்பாவில் பார்த்த அதே விஷயம்தான்.

சின்ன நாடுகள் ஒழுங்காக நடந்துகொண்டதும் உண்டு. 2011-ல் பார்படாஸ் விமான நிலையத்தில் அவமானகரமான உடல் சோதனைக்கு ஆளாகித் திருப்பி அனுப்பப்பட்ட ஜமைக்கா பெண் ஷனிக் மைரி, டிரினிடாட்டில் உள்ள கரீபியன் நீதிமன்றத்துக்குப் போனார். 2013-ல் ஜெயித்தார். பார்படாஸ் பணத்தைக் கொடுத்தது.

நம்ம பக்கம் என்ன இருக்கு?

தெற்காசியாவுக்கு சார்க் இருக்கிறது. 1985 டிசம்பர் 8-ம் தேதி டாக்காவில் தொடங்கினார்கள். ஆனால் அதற்கு நீதிமன்றம் கிடையாது. கடைசி உச்சி மாநாடு 2014-ல் காத்மாண்டுவில் நடந்தது. 2016-ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது, உரி தாக்குதலுக்குப் பிறகு ரத்தானது. அதோடு சரி.

காரணம் இந்தியா-பாகிஸ்தான் பகை மட்டும் இல்லை. சார்க் சாசனத்தின் 10-வது பிரிவு இரண்டே விஷயம் சொல்கிறது. எல்லா முடிவும் ஒருமனதாக எடுக்க வேண்டும். இரு நாடுகளுக்கு இடையிலான பிரச்சினைகளும் சர்ச்சைக்குரிய பிரச்சினைகளும் விவாதத்துக்கே வரக்கூடாது.

இதன் அர்த்தத்தை ராமேஸ்வரத்திலும் யாழ்ப்பாணத்திலும் நின்று யோசித்தால் புரியும். பாக் நீரிணை மீனவர் பிரச்சினை இரு நாட்டுப் பிரச்சினை, சர்ச்சைக்குரிய பிரச்சினையும்கூட. ஆகவே சார்க்கில் பேச முடியாது. கைது, படகு பறிமுதல், முதல்வரிடமிருந்து மத்திய அரசுக்குக் கடிதம், கூட்டுப் பணிக்குழு என்றே அது சுற்றிக்கொண்டிருக்கிறது. ராமேஸ்வரம் மீனவர் இலங்கை நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்கலாம். தன் படகைத் திருப்பிக் கேட்டு இரு நாட்டுக்கும் பொதுவான நீதிபதி முன் நிற்க முடியாது. அதேபோல, இழுவை மடிகள் தங்கள் வலைகளையும் மீன்வளத்தையும் நாசம் செய்கின்றன என்று சொல்லும் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவருக்கும் அப்படியொரு நீதிபதி இல்லை.

ஃபேக்டர்டேம் வழக்கும் இதுவும் ஒன்றல்ல. அங்கே பிரச்சினை கப்பல் பதிவு, இங்கே 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லையும் 2017-ல் இலங்கை தடைசெய்த இழுவை மடியும். பொதுச் சட்டம் இருந்தாலும் யாராவது ஒரு தரப்பு தோற்கத்தான் செய்யும். ஆனால் வழக்காகப் பேசுவதற்கு ஓர் இடம் இருந்திருக்கும்.

இதையெல்லாம் எங்கே படிக்கலாம்?

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும் யு.பி.எஸ்.சி. தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் நல்ல செய்தி: இந்தத் துறைக்கு விலை உயர்ந்த புத்தகம் வாங்கித்தான் ஆகணும்னு இல்லை. மூல ஆவணங்களில் பெரும்பகுதி இலவசம். செல்போனிலேயே படிக்கலாம். கெட்ட செய்தி: எதுவும் தமிழில் இல்லை.

முதலில் போக வேண்டிய இடம் 'யூர்-லெக்ஸ்'. ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வ சட்டத் தளம். ஒப்பந்தம், சட்டம், தீர்ப்பு எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றியத்தின் 24 மொழிகளில். புதிதாகப் போகிறவர்கள் நூற்றுக்கணக்கான முடிவுகளைப் பார்த்து மிரண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு ஆவணத்துக்கும் 'செலெக்ஸ்' எண் என்று ஒன்று உண்டு. அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் இலக்கம் 3 என்றால் சட்டம், 6 என்றால் தீர்ப்பு. அடுத்த நான்கு இலக்கம் ஆண்டு. அப்புறம் வரும் ஆங்கில எழுத்து 'ஆர்' என்றால் ரெகுலேஷன், 27 நாடுகளிலும் அப்படியே செல்லும். 'எல்' என்றால் டைரக்டிவ், ஒவ்வொரு நாடும் அதற்கேற்ப உள்நாட்டுச் சட்டம் போட வேண்டும். கடைசி நான்கு இலக்கம் வரிசை எண். டைப்-சி சட்டம் 2022-ம் ஆண்டின் 2380-வது டைரக்டிவ் என்பதால், 3, 2022, எல், 2380 என்று சேர்த்துத் தட்டினால் நேராக அங்கே போய் நிற்கும்.

தீர்ப்புகளுக்கு நீதிமன்றத்தின் சொந்தத் தளமான 'கியூரியா' இருக்கிறது. முழுத் தீர்ப்பைத் திறந்து தூக்கம் வரவழைத்துக்கொள்வதற்கு முன், முக்கியமான வழக்குகளுக்கு நீதிமன்றமே வெளியிடும் செய்திக் குறிப்பைப் படிப்பது நல்லது. ஹங்கேரி அபராத வழக்குக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. இன்னொன்று, ஸ்டிராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வேறு, லக்சம்பர்க் நீதிமன்றம் வேறு. செய்திகளிலேயே இரண்டையும் அடிக்கடி குழப்புகிறார்கள். ஸ்டிராஸ்பர்க் தீர்ப்புகள் 'ஹூடாக்' என்ற தளத்தில் கிடைக்கும்.

ஆய்வுக் கட்டுரைகள் வேண்டுமென்றால், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் உள்ள ஐரோப்பியப் பல்கலைக்கழகக் கல்வி நிறுவனத்தின் 'காட்மஸ்' களஞ்சியம். காது கொடுத்துக் கேட்கப் பிடித்தால், ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஒலி-ஒளி நூலகத்தில் பேராசிரியர்களும் நீதிபதிகளும் நடத்திய பாடங்கள் இலவசம். எந்தெந்த நாடுகளுக்கு இடையே என்ன வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது என்று தேட, உலக வர்த்தக அமைப்பின் பிராந்திய ஒப்பந்தத் தரவுத்தளம் போதும்.

ஹதிஜாத்து மானி தீர்ப்பை ஈகோவாஸ் நீதிமன்றத்தின் பெயரோடு சேர்த்துத் தேடினாலே கிடைக்கும். சாடெக் தீர்ப்பாயம் முடங்கினாலும் அதன் தீர்ப்புகள் அழிந்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவின் 'சாஃப்லி' என்ற இலவசச் சட்டத் தளம் கேம்ப்பெல் வழக்கு உட்பட அவற்றை எடுத்து வைத்திருக்கிறது.

சார்க் சாசனம், செயலகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. மொத்தமே 10 பிரிவுகள்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் படித்துவிடலாம். நேராகக் கடைசிப் பிரிவுக்குப் போங்கள்.